ஆறு கம்பிக்கும் ஒரே வயர்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மாரியம்மன் கோயில் தேர் சுற்றி வந்து நிலைக்கு நின்று, தப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு எங்கள் இசைக்குழு மேடை ஏறியது. பிள்ளை மடுவத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மைதானத்தில்தான் மேடை. பனி இறங்கிவிட்டது, ஆனாலும் சனம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. மெல்லிய கம்பியில் தொடங்கி, படிப்படியாகத் தடித்த கம்பிகளுக்கு வந்து, திரும்பிப் போகும். ஒரு மாதம் பழகிய இடம் அது. முதல் இரண்டு கம்பிகளும் கணீரென்று கேட்டன. மூன்றாம் கம்பிக்கு வந்ததும் சத்தம் படுத்துவிட்டது. விரல் ஓடுகிறது, கம்பி அதிர்வது கைக்குத் தெரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் யாரோ அடுத்த லயத்து வீட்டில் இருந்து வாசிப்பது மாதிரி. ஓர்கன் வாசிக்கும் அண்ணன் வயர் கழன்றுவிட்டதென்று நினைத்து என் காலடியைக் குனிந்து பார்த்தார். வயர் கழரவில்லை. மறுபடி மெல்லிய கம்பிக்கு வந்தபோது அதே சத்தம் காதைக் குத்தியது.

அந்த இரவுக்குப் பிறகு எட்டு மாதம் இந்த ஒரு பிரச்சினையோடு அலைந்தேன். மலையகத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். தேவாலயத்தில், கோயில் மேடையில், கல்யாண வீட்டில், சாமத்திய வீட்டில் வாசிக்கிறார்கள். திருத்தத் தெரிந்த ஆள்தான் இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஹட்டனிலிருந்து ரயிலில் போய்வர ஒரு நாள் சம்பளமும் ஒரு நாள் உழைப்பும் போகும். வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்குரு ட்ரைவரோடு உட்கார்ந்து சரிசெய்யக்கூடிய விஷயத்துக்கு அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், அமைப்பில் செய்த, பெயர் தெரியாத ஒரு கிட்டார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் மூன்று, மரம் நல்ல மரம். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரிடம் 2021-இல் வாங்கினேன். 2022-இல் நாடு இருந்த நிலைமை எல்லோருக்கும் தெரியும். டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கரண்ட் ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்கு மேல் போன நாட்களும் இருந்தன. அந்த நேரத்தில் என் கிட்டாரில் இரண்டு கம்பி அறுந்தது. டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எலக்ட்ரிக் கிட்டார் கம்பி எங்கும் இல்லை. கடைசியில் ஒரு இடத்தில் சாதாரண மரக் கிட்டாருக்குப் போடும் செட் ஒன்று இருந்தது. கம்பி கம்பிதானே என்று வாங்கி வந்து ஆறையும் மாற்றினேன்.

கரண்ட் இல்லாததால் மாதக்கணக்கில் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில் போடாமலே பழகினேன். வெறும் கையில் கேட்டால் அந்தக் கம்பிகள் நன்றாகவே இருந்தன, முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று. ஒத்திகையிலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சின்ன ஸ்பீக்கர். கிட்டார் பாட்டுக்குப் பின்னால் கலந்து போய்விடும். அதனால் குறை காதில் விழவில்லை. மேடையில் பெரிய ஸ்பீக்கரில் தனியாகக் கேட்ட அன்றுதான் விழுந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் நானே ஒரு வைத்தியம் செய்தேன். பிக்கப்பின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஸ்குரு இருக்கும். அதைத் திருகினால் பிக்கப் மேலே வரும், கீழே போகும். தடித்த கம்பிகளின் சத்தம் குறைவு, ஆகவே அந்தப் பக்கத்தை மேலே தூக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, போகும் மட்டும் திருகினேன். சத்தம் கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் வேறொரு வினை வந்து சேர்ந்தது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். ஆறாம் கம்பியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பிடித்தால் சுரம் நடுங்கியது. சுருதி காட்டும் டியூனரில் முள் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. ஒரே கம்பியில் இரண்டு சுரம் சேர்ந்து கேட்பது போல ஓர் அலை. பிக்கப்புக்குள் இருப்பது காந்தம். அது கம்பிக்கு மிக அருகில் வந்தால் அதிரும் கம்பியைத் தன் பக்கம் இழுக்கும். இழுபட்ட கம்பி ஒழுங்காக ஆட முடியாது. சுரம் நடுங்கியதற்கு அதுதான் காரணம் என்று அன்று எனக்குத் தெரியாது. கிட்டாரே கெட்டுவிட்டது என்று பயந்து ஒரு டவுன் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே திறந்து பார்த்து, பிக்கப் பலவீனமாகிவிட்டது என்றார்கள். முதலில் வால்யூம் கண்ட்ரோலை மாற்றினார்கள். அப்புறம் வயர் செருகும் ஜாக்கை மாற்றினார்கள். இரண்டு கிழமை கழித்து வாங்கிக்கொண்டு வந்து போட்டால், அதே முதல் இரண்டு கம்பி கணீர், மற்ற நாலும் முனகல். புதுப் பிக்கப் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு இன்னொரு கிட்டாரே வாங்கலாம். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடினார்கள், அவ்வளவுதான்.

சரியான இடத்தைக் காட்டியவர் கிட்டாரே வாசிக்காத ஒருவர். ஹட்டன் டவுனில் ரேடியோ, ஆம்ப் திருத்தும் ஒரு வயதான மாமா. எங்கள் குழுவின் ஸ்பீக்கர் பெட்டியைத் திருத்தக் கொடுத்திருந்தோம். எடுக்கப் போனபோது கிட்டாரும் தோளில் இருந்தது. கதையைச் சொன்னேன். அவர் கிட்டாரை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“இதுல எத்தனை கம்பி தம்பி?”

“ஆறு மாமா.”

“பிக்கப்புல இருந்து எத்தனை வயர் வெளிய வருது?”

“ஒரு சோடிதான்.”

“அப்போ நாலு கம்பிக்கு மட்டும் எப்படி வயர் பழுதாகும்? ஆறுக்கும் ஒரே வயர்தானே. வயர் கெட்டா ஆறும் கெடணும்.”

அந்தக் கேள்வி எனக்கு எட்டு மாதமாகத் தோன்றவில்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, அந்த அசைவு சுருளில் மின்சாரமாக மாறுகிறது. சாதாரண கிட்டார் பிக்கப்பில் ஆறு கம்பிக்கும் சுருள் ஒன்றுதான். அதிலிருந்து வால்யூம், டோன், சுவிட்ச், ஜாக், வயர், ஆம்ப் என்று எல்லாம் ஒற்றைப் பாதை. அந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் ஆறு கம்பியும் சேர்ந்துதான் சோரும், கரகரக்கும், அல்லது செத்துப்போகும். ஒரு கம்பியோ இரண்டு கம்பியோ மட்டும் வேறுபட்டால், ஆறாகப் பிரிந்திருக்கும் இடத்தில்தான் காரணம் இருக்க வேண்டும். அப்படிப் பிரிந்திருப்பவை கொஞ்சம்தான்: கம்பி, கீழே அது உட்காரும் சாடில், மேலே கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டில் இருக்கும் வெட்டு, ஃப்ரெட், பிக்கப்பின் முகத்தில் இருக்கும் ஆறு வட்டப் பொட்டுகள். வாசிக்கிற கையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கரும் டோனும் ஒற்றைப் பாதையில் இருந்தாலும் தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் ஒரே மாதிரி நடத்தாது. வீட்டில் வைத்துப் பழகும் சின்ன ஆம்பில் ஸ்பீக்கர் சிறியது. ஆறாம் கம்பியின் கனத்த சத்தத்தை அதனால் முழுதாகக் கொடுக்க முடியாது. அப்படியானால் குறை தடித்த பக்கம் முழுவதும் சரிவாகக் குறைந்துகொண்டு போகும். நடுவில் ஒரு கம்பி மட்டும் எகிறாது. சந்தேகமாக இருந்தால் வேறொரு ஆம்பில், அல்லது நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாமா ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை எடுத்தார். கம்பியை முறுக்கும் கீ பக்கத்தில் நறுக்காமல் நீட்டிக்கொண்டிருந்த நாலாம் கம்பியின் நுனியைக் குறட்டால் பிடித்து, மேலே சுற்றியிருந்த மெல்லிய கம்பியை ஓர் அங்குலம் உரித்தார். உரித்த துண்டைக் காந்தத்தில் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. உள்ளே இருந்த நேர்க் கம்பி மட்டும் பட்டென்று ஒட்டிக்கொண்டது.

மரக் கிட்டார் கம்பியில் மேலே சுற்றியிருப்பது வெண்கலம். செம்பும் வெள்ளீயமும், அல்லது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம். காந்தத்துக்கு அது இல்லாத பொருள் மாதிரி. ஆகவே என் பிக்கப்புக்குத் தடித்த கம்பிகளில் உள்ளே இருந்த மெல்லிய உருக்கு மட்டும்தான் தெரிந்தது. முதல் இரண்டு கம்பிகளும் சுற்றில்லாத வெறும் உருக்கு, அதனால் அவை முழுச் சத்தத்தோடு கேட்டன. மரக் கிட்டார் செட்டில் மூன்றாம் கம்பியும் சுற்றுக் கம்பிதான். சத்தம் சரியாக மூன்றாம் கம்பியில் விழுந்ததற்கு வேறு விளக்கமே தேவையில்லை. எலக்ட்ரிக் கிட்டார் கம்பியில் சுற்று நிக்கல் பூசிய உருக்கு, அது காந்தத்துக்குக் கட்டுப்படும். நிறத்தைப் பார்த்தாலே தெரியும். வெண்கலம் பொன் நிறமாகவோ செம்பு நிறமாகவோ இருக்கும், நிக்கல் வெள்ளி போலச் சாம்பல் நிறம். கடையில் செட்டை வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. முடிந்தால் பிரித்து நிறத்தையும் பாருங்கள்.

மாமா இன்னொன்றும் செய்து காட்டினார். ஆம்பை மிகக் குறைந்த சத்தத்தில் போட்டு, இரும்பு ஸ்குரு ட்ரைவரின் நுனியால் ஒவ்வொரு பொட்டையும் மெல்லத் தொட்டார். டொக், டொக் என்று ஆறு தடவை, ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டது. சுருள் உயிரோடு இருக்கிறது, காந்தமும் இருக்கிறது. அதோடு புதுப் பிக்கப் பேச்சு முடிந்தது. என்னிடம் அவர் காசு வாங்கவில்லை, ஒரு பிளேன்டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பர் நிக்கல் செட் ஒன்று கொண்டுவந்தார். முதல் கம்பி 10, ஆறாம் கம்பி 46 என்று சொல்லும் வழக்கமான செட். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு கனம் என்பதுதான் அந்த எண். முழுச் செட்டில் 10, 13, 17, 26, 36, 46. போட்டு, ஆம்பைத் திறந்து, ஆறையும் ஒன்றாகத் தட்டினேன். காணாமல் போன நாலு கம்பியும் திரும்பி வந்துவிட்டன. அந்த மகிழ்ச்சி ஒரு பத்து நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் மூன்றாம் கம்பி மட்டும் மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு முன்னால் நிற்பது தெரிந்தது. முன்பு முனகிய அதே கம்பி இப்போது கத்தியது.

இது என் கிட்டாருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தபோது எல்லோரும் கனமான கம்பிதான் போட்டார்கள், மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பியாக இருந்தது. சுற்றுக் கம்பியின் உள்ளே உருக்கு மெல்லியது, அதனால் பிக்கப்புக்குச் சத்தம் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்ட மூன்றாம், நாலாம் கம்பிக்கு நேரான பொட்டுகளை உயர்த்தி வைத்தார்கள். சுற்றில்லாத கனமான இரண்டாம் கம்பிக்கு நேராக இருந்த பொட்டைத் தாழ்த்தினார்கள். பிறகு கம்பிகள் மெலிந்தன, மூன்றாம் கம்பி வெறும் உருக்காக மாறியது. ஆனால் பழைய அமைப்பை அப்படியே பார்த்துச் செய்யும் பிக்கப்புகள் இன்றைக்கும் வருகின்றன. கிட்டாரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தேன். ஆறு பொட்டும் ஒரே மட்டத்தில் இல்லை, நடுவில் இரண்டு தலை நீட்டிக்கொண்டு நின்றன. கணக்கும் எளிது. கம்பியில் உள்ள உருக்கின் அளவு கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 17-ஐ 17-ஆல் பெருக்கினால் 289, 13-ஐ 13-ஆல் பெருக்கினால் 169. மூன்றாம் கம்பியில் இரண்டாம் கம்பியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உருக்கு. அதற்கு நேரே உயர்ந்த பொட்டு, இதற்கு நேரே தாழ்ந்த பொட்டு. கத்தாமல் என்ன செய்யும்?

அந்த உயர்ந்த பொட்டைத் தட்டி உள்ளே இறக்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். பழைய முறையில் செய்த பிக்கப்பில் பொட்டுதான் காந்தமே, செப்புக் கம்பியை நேராக அதன் மேலேயே சுற்றியிருப்பார்கள். தலைமயிரைப் போல மெல்லிய கம்பி அது. பொட்டு ஒரு நூலளவு நகர்ந்தாலும் அறுந்துவிடும், அப்புறம் ஆறு கம்பியும் மௌனம். பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி அடியில் தட்டைக் காந்தம் ஒட்டிய மலிவான பிக்கப்பில் பொட்டு நகரக்கூடும். ஆனால் வெளியே இருந்து பார்த்து எது எந்த வகை என்று சொல்வது கஷ்டம். பிக்கப் முகத்தில் ஸ்குருத் தலை தெரிந்தால் மட்டும் திருகலாம், உருண்டைப் பொட்டாக இருந்தால் கை வைக்க வேண்டாம்.

பொட்டை விட்டுவிட்டால் எனக்கு இரண்டு வழி இருந்தது. முழுப் பிக்கப்பின் உயரத்தைச் சீராக வைப்பது ஒன்று, கம்பியை மாற்றுவது இன்னொன்று. உயரத்தில் தொடங்கினேன். உயரம் என்றால் பிக்கப்பை எடுத்த எடுப்பில் திருகுவது அல்ல என்பதை இந்த இடத்தில்தான் படித்தேன். முதலில் கம்பிகள் தங்களுக்குள் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி சாடில், ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன ஸ்குரு. விரல் பலகை தட்டையாக இருப்பதில்லை, நடுவில் லேசாக மேடு. சாடில்களும் அதே வளைவில் நிற்க வேண்டும். என் கிட்டாரில் ஐந்தாம் கம்பியின் சாடில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அங்கே ஸ்குரு துருப்பிடித்து இறுகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மழை மாதங்களில் சுவரே வியர்க்கிறது; கிட்டாரின் சின்ன ஸ்குருகள் எம்மாத்திரம். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரு சொட்டைப் பல் குத்தும் ஈர்க்கால் தொட்டு வைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் மெல்லத் திருகினேன். அசைந்தது. எண்ணெயைக் கம்பியிலோ பிக்கப்பிலோ பட விடாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் பிக்கப். அளக்கும் முறை இது: கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பொட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த வகைச் சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர். அது தொடக்கம்தான், முடிவைக் காது சொல்ல வேண்டும். அளவுகோல் கைவசம் இல்லையென்றால் வங்கி அட்டையை எடுங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை. காலாவதியான அட்டையாக இருக்கட்டும். பாவிக்கிற அட்டையின் கறுப்புப் பட்டையைப் பிக்கப் காந்தத்துக்கு அருகில் கொண்டுபோனால் அட்டை பழுதாகலாம்.

நான் போகும் மட்டும் தூக்கி வைத்திருந்த தடித்த பக்கத்தைக் கீழே இறக்கினேன். 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் ஆறாம் கம்பியின் நடுக்கம் போய்விட்டது. டியூனரின் முள் அசையாமல் நின்றது. எட்டு மாதமாகக் கழுத்து வளைந்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அப்புறம் கால் திருகு, கேள், இன்னொரு கால் திருகு, கேள். ஒரு முழுத் திருகுக்குப் பிக்கப் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை நகரும், ஆகவே கால் திருகு என்பதே காதுக்குத் தெரியும் மாற்றம்தான். இதில் அவசரம் உதவாது. மூன்று பிக்கப்பையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் காது களைத்துப்போய், எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே கேட்கும். நான் ஒரு நாளுக்கு ஒரு பிக்கப் என்று வைத்துக்கொண்டேன். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் கம்பியின் ஆட்டம் குறைவு, அதைக் கொஞ்சம் உயர்த்தலாம். கழுத்துப் பக்கத்தில் ஆட்டம் அதிகம், அதைத் தாழ்த்தி வைப்பதுதான் நல்லது. பிக்கப்புக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்கியிருந்தால் எவ்வளவு திருகினாலும் பிக்கப் மேலே வராது. என்னுடையதில் ஒன்று அப்படி இருந்தது. பழைய பேனா ஒன்றின் ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டேன், இன்று வரை நிற்கிறது.

உயரம் சரியான பிறகும் மூன்றாம் கம்பி கொஞ்சம் மிஞ்சியே இருந்தது. 17-க்குப் பதிலாக 16 போட்டேன். 16-இன் வர்க்கம் 256. 289-இலிருந்து ஏறக்குறைய 11 விழுக்காடு உருக்கு குறைகிறது. கம்பி கொஞ்சம் தளர்வாகத் தெரியும், இரண்டு நாளில் கை பழகிவிடும். இதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. சிலர் பழைய காலத்து மாதிரி சுற்றிய மூன்றாம் கம்பியைப் போடச் சொல்வார்கள். சத்தம் சமப்படும்தான், ஆனால் கம்பியை வளைத்து வாசிப்பது கடினமாகிவிடும். நம் பாட்டுகளில் கமகம் மாதிரி இழுத்து வாசிக்கும் இடங்கள் அந்தக் கம்பியில்தான் அதிகம் வருகின்றன. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கம்ப்ரசர் பெடல் போடச் சொல்பவர்களும் உண்டு. அது மேட்டைத் தட்டிப் பள்ளத்தை மூடிக் காட்டும். பாட்டுக்கு வேண்டுமென்று போட்டால் நல்லது. குறையை மறைக்கப் போட்டால் விரலின் அழுத்தம், தளர்வு எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும்.

மற்றவர்களின் கிட்டாரைப் பார்க்கத் தொடங்கிய பிறகு வேறு சில காரணங்களையும் கண்டேன். தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு தங்கையின் கிட்டாரில் முதல் கம்பி மட்டும் சோர்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தக் கம்பி பொட்டின் மேலே ஓடவில்லை, வெளி விளிம்பையும் தாண்டி ஓடியது; விரல் பலகையின் ஓரத்திலிருந்து வழுக்கி விழும் நிலை. லேசாக விலகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இப்படி முழுதாக வெளியே போனால் சத்தம் குறையும். உடம்போடு கழுத்தை இணைக்கும் நாலு ஸ்குருவும் தளர்ந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, அந்த நாலையும் அரைத் திருகு விட்டு, கழுத்தை நேராகப் பிடித்து இறுக்கினோம். கம்பி பொட்டின் மேல் வந்து நின்றது.

இன்னொரு கிட்டாரில் இரண்டாம் கம்பியை விரல் வைக்காமல் திறந்து தட்டினால் மட்டும் சத்தம் செத்திருந்தது, ஏதாவது ஃப்ரெட்டில் பிடித்தால் நன்றாக ஒலித்தது. அது நட்டின் கோளாறு. வெட்டு ஆழமாகி, கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசிக்கொண்டிருந்தது. திறந்தால் மட்டும் குறையா, எங்கே பிடித்தாலும் குறையா, ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் குறையா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரே இடத்தில் மட்டும் என்றால் அங்கே ஃப்ரெட் தேய்ந்திருக்கும், அல்லது கழுத்து மரம் அந்தச் சுரத்தை விழுங்கும். அதேபோல சுவிட்சை மாற்றி மூன்று பிக்கப்பிலும் கேளுங்கள். ஒரு பிக்கப்பில் மட்டும் அந்தக் கம்பி சோர்ந்தால் அந்தப் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். மூன்றிலும் சோர்ந்தால் கம்பியை, சாடிலை, நட்டைப் பாருங்கள். ஆம்பில் போடாமல் வெறும் கையிலும் ஒரு தடவை கேளுங்கள். வெறும் கையிலேயே சோர்ந்த கம்பியை எந்தப் பிக்கப்பாலும் எழுப்ப முடியாது.

பொட்டுகளின் தலையைத் துடைப்பதையும் மறக்காதீர்கள். கம்பியின் துரு பொடியாகி அதில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரெட் துலக்க இரும்புப் பஞ்சு பாவித்தால் இன்னும் மோசம், அதன் நார் முழுவதும் காந்தத்தில் போய் ஒட்டும். செலோடேப்பை மடித்து ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

காதை நம்ப முடியாத நாளில் போனில் பதிவுசெய்து பாருங்கள். ஆறு கம்பியையும் ஒரே வேகத்தில், ஒவ்வொன்றாக, நாலு நாலு தடவை தட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு தட்டும் ஒரு மலை மாதிரி நிற்கும். ஒரு மலை பக்கத்து மலையைப்போல இரு மடங்கு உயரம் என்றால் வித்தியாசம் 6 டெசிபல். என்னுடைய முதல் பதிவில் மூன்றாம் கம்பியும் இரண்டாம் கம்பியும் அப்படித்தான் நின்றன. ஆனால் எல்லா மலையும் ஒரே உயரம் ஆகும் வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். தடித்த கம்பி திரையில் உயரமாகத் தெரிந்தாலும் காதுக்கு மெல்லிய கம்பிக்குச் சமமாகக் கேட்கலாம். முழுக் கோர்டு ஒன்றைப் பிரித்துத் தட்டும்போது எந்தக் கம்பியும் தனியாகத் துருத்தாவிட்டால் போதும்.

இந்தப் பதிவு எனக்கு இன்னொன்றையும் காட்டியது. நாலாம் கம்பியை மேலிருந்து கீழே தட்டும்போது மலை உயரம், கீழிருந்து மேலே தட்டும்போது பாதி. அது கிட்டாரின் குறை அல்ல, என் கையின் குறை. தாளம் காட்டும் மெட்ரோனோம் வைத்து ஒரு மாதம் அந்த ஒரு கம்பியில் மட்டும் பழகினேன்.

போன மாதம் என்னிடம் படிக்கும் தம்பி ஒருவன் தன் கிட்டாரைக் கொண்டுவந்தான். லெஸ் பால் என்ற வேறொரு கிட்டாரின் வடிவம், இரட்டைச் சுருள் பிக்கப், ஒரு வரிசையில் ஆறு ஸ்குருத் தலை. “சேர், மூணாம் கம்பி மட்டும் கத்துது, வயரிங் மாத்தணும்னு கடைல சொல்றாங்க” என்றான். ரேடியோ மாமா என்னிடம் கேட்ட அதே இரண்டு கேள்வியை அவனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழுத்துப் பிக்கப்பை 2.4 மில்லிமீட்டரிலும் பிரிட்ஜ் பிக்கப்பை 1.6 மில்லிமீட்டரிலும் வைத்தோம். அதன் பிறகு மூன்றாம் ஸ்குருவைக் கால் திருகு இறக்கச் சொன்னேன். அவனே திருகினான், அவனே கேட்டான், இன்னொரு கால் திருகு இறக்கினான். இரண்டாம் கம்பி அவனுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகப் படுகிறதாம். கம்பி பழசு, துரு விரலில் ஒட்டுகிறது. புதுச் செட் வாங்கிக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். நிறம் பார்த்து வாங்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.